முதல் எல்பி எதுவாக இருக்கட்டும்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்த ஆல்பங்களில் ஒரு தேர்வு

என் அக்கா மகன் போன மாதம் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினான். வேலைக்குப் போன முதல் வருடத்தில் சேர்த்த காசு. பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் பொருத்தி, ஸ்பீக்கரை மாட்டிவிட்டு எனக்குப் போன் போட்டான்.

"மாமா, எல்லாம் ரெடி. போடத்தான் ஒரு ரெக்கார்டும் இல்ல. இந்த மாசம் ஒண்ணுதான் வாங்க முடியும். அமெரிக்கா, இங்கிலாந்து ரெண்டு இடத்துலயும் நம்பர் ஒன் வந்த ஆல்பமா இருக்கணும். எதை வாங்கட்டும்?"

ஏன் இந்த நிபந்தனை என்று கேட்டேன். ரெண்டு ஊர்க்காரங்களும் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியிருக்காங்கன்னா வீண் போகாது இல்லையா என்றான். நியாயமான பேச்சுதான். இறக்குமதியாகி வரும் எல்பி, அதாவது ஒரு ஆல்பம் முழுதும் அடங்கிய பெரிய இசைத்தட்டு, ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. போனில் கேட்பதுபோல் பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகவும் முடியாது. அதனால் உடனே பதில் சொல்லாமல், என்னிடம் இருப்பவற்றை எடுத்து மூன்று நாள் சாயங்காலம் மறுபடி போட்டுக் கேட்டேன். கடைசியில் கையில் நின்றவை: பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்', சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்', ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்', டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்', அடெலின் '21'. இவற்றோடு, அவன் நிபந்தனைக்குள் வராத ஒன்றும் இருந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'.

அந்த நம்பர் ஒன் என்ற பட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை 1956-இல் வாராவாரம் ஆல்பப் பட்டியல் போட ஆரம்பித்தது. அதே வருடம் ஜூலையில் பிரிட்டனிலும் பட்டியல் வந்தது. அங்கே முதல் நம்பர் ஒன் ஃபிராங்க் சினாட்ரா. ரொம்ப காலத்துக்குக் கடைக்காரர்கள் சொல்வதை வைத்துத்தான் அமெரிக்கப் பட்டியல் தயாரானது. எது நன்றாகப் போகிறது என்று கடை கடையாகக் கேட்பார்கள். 1991 மே மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்து, கல்லாவில் ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு தட்டும் கணக்கில் ஏறியது. 2014 டிசம்பரிலிருந்து ஆன்லைனில் பாட்டு ஓடுவதும் சேர்ந்துவிட்டது. ஒரு ஆல்பத்தின் பாட்டுகள் 1500 முறை ஓடினால் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு என்று அப்போது வைத்தார்கள். மறு வருடம் பிரிட்டனும் இதே வழிக்கு வந்தது.

இதை அவனிடம் விளக்கக் காரணம் உண்டு. 1977-இல் ஒரு ஆல்பம் முதலிடத்தில் இருந்தது என்றால், அத்தனை பேர் கடைக்குப் போய் முழுத் தட்டுக்கும் காசு கொடுத்தார்கள் என்று பொருள். இன்றைக்கு இரண்டு மூன்று பாட்டுகள் எல்லார் போனிலும் விடாமல் ஓடினாலே ஆல்பம் மேலே ஏறிவிடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இவன் வாங்கப் போவது முழுத் தட்டு. அதனால் பழையவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்தேன்.

இன்னொரு விஷயத்துக்கு அதைவிட அதிக எடை கொடுத்தேன். எல்பி என்பது இரண்டு பக்கம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் வரை பாட்டு வசதியாக உட்காரும். அதற்கு மேல் திணித்தால் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். ஒலி மெலியும், பேஸ் என்ற கனத்த அடி ஒலி இளைக்கும். தவிர, ஊசி நடுவில் இருக்கும் லேபிளை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் தெளிவு சற்றுக் குறையும், விலை குறைந்த பிளேயரில் குரல் கரகரக்கும். ஆக, எந்த ஆல்பம் நல்லது என்ற கேள்வி இங்கே எந்த ஆல்பம் இந்த இரண்டு பக்கத்துக்குள் நன்றாக அடங்கியிருக்கிறது என்று மாறிவிடுகிறது. முதலிடத்தில் எத்தனை வாரம் என்ற எண்ணுக்கு இது தெரியாது.

முதலில் 'டார்க் சைட்'. அமெரிக்காவில் 1973 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம்தான் முதலிடம். அந்த வருடம் சொந்த ஊரான பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அவன் நிபந்தனைப்படி கதவுக்கு வெளியே. ஆனால் அதே ஆல்பம் 1973-க்கும் 1988-க்கும் இடையில் பில்போர்டு பட்டியலில் 741 வாரம் இருந்தது. ஒரு வாரம் உச்சியில், பதினான்கு வருடத்துக்கும் மேலான வாரங்கள் பட்டியலில். உன் நிபந்தனையில் ஓட்டை இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் ஒரு பெண் குரலில் முடிகிறது. கிளேர் டோரி என்ற பாடகி ஒரு இரவு லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். பாட வார்த்தை எதுவும் கொடுக்கவில்லை. பியானோவின் மேல் அழுகையும் கெஞ்சலும் ஆறுதலுமாக வெறும் குரலால் பாடிவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். இசையமைப்பில் தன் பங்குக்காகப் பின்னாளில் வழக்குப் போட்டார். 2005-இல் சமரசமாகி அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. அந்தக் குரல் அடங்கி, ஊசி உயர்ந்து, எழுந்து போய்த் தட்டைத் திருப்பி வைக்கிறோம். சில்லறை குலுங்கும் சத்தத்தோடு பணத்தைப் பற்றிய 'மணி' பாட்டு ஆரம்பிக்கிறது. பக்கம் மாற்றுவதையே இசையின் ஒரு பகுதிபோல ஆக்கிய ஆல்பம் இது.

அப்படியிருந்தும் முதல் ரெக்கார்டாக நான் இதைச் சொல்லவில்லை. ஆரம்பமே மெல்லிய இதயத் துடிப்பு. அவன் அறையில் ஃபேன் ஓடும், கீழே பஸ் போகும். அந்தத் துடிப்பு காதில் விழவே விழாது. ஒலியைக் கூட்டி வைத்தால், கொஞ்ச நேரத்தில் 'டைம்' பாட்டின் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறும்போது பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருவார். நானே ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். அவனுக்கு இது இரண்டாவது ரெக்கார்டு.

'சார்ஜன்ட் பெப்பர்' 1967. பிரிட்டனில் அந்த முதல் ஓட்டத்தில் 27 வாரம், அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை முதன்முதலாக வாங்கிய ராக் ஆல்பம். இரண்டாம் பக்கம் திறப்பதே ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டில்தான். தம்பூராவும் தபலாவும் தில்ரூபாவும் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தவை. மற்ற பீட்டில்ஸ் யாரும் அதில் இல்லை. தம்பூரா சுருதி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும்.

இதில் ஒரு வாங்கும் சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோதான் பிரதானம், இரண்டு பக்கமாகப் பிரியும் ஸ்டீரியோ அல்ல. குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் கலவை; பீட்டில்ஸ் கூட இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ கலவையைத்தான். ஸ்டீரியோ அவசரமாக முடிந்தது. அதனால் பழைய ஸ்டீரியோ பதிப்பில் குரல் ஒரு காதிலும் டிரம் மறு காதிலுமாகப் பிரிந்து நிற்கும் இடங்கள் உறுத்தும். 2017-இல், ஐம்பதாம் ஆண்டுக்காக, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் புதிதாக ஸ்டீரியோ கலவை செய்தார். அதுவும் பிரிட்டனில் மறுபடி முதலிடம் போனது. வாங்குவதென்றால் அதை வாங்க வேண்டும். ஆனால் இந்த ஆல்பத்தின் மகுடமான கடைசிப் பாட்டு இருப்பது இரண்டாம் பக்கத்தின் உள்விளிம்பில். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் கீழிருந்து மேலே ஏறி வெடித்து, கடைசியில் பல பியானோக்களில் ஒன்றாக விழும் ஒரே கார்டு, அதாவது பல சுரங்கள் சேர்ந்த ஒலி, நாற்பது விநாடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். புது ஆள், புது பிளேயர், சாதாரண ஊசி என்றால் சரியாக அந்த இடத்தில்தான் ஏமாற்றம் வரும். நல்ல ஊசி மாற்றின பிறகு வாங்கட்டும்.

'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்' பற்றி எனக்கு மனசு கேட்கவில்லை. 1970 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவில் 10 வாரம், பிரிட்டனில் விட்டு விட்டு 33 வாரம். அமெரிக்கக்காரர்கள் பாடியதை பிரிட்டன்காரர்கள்தான் மூன்று மடங்கு கொண்டாடியிருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் 'தி பாக்ஸர்'. அதன் பல்லவியில் குண்டு போட்டது போல ஒரு டிரம் அடி விழுமே, அதற்காக ஹால் பிளெய்ன் நியூயார்க்கில் லிஃப்ட் போகும் சுரங்கத்துக்கு எதிரே டிரம்மை வைத்து அடித்தார். அந்தச் சுரங்கத்தின் எதிரொலியே நமக்குக் கேட்பது. ஒரு முறை அந்தச் செய்தி தெரிந்துவிட்டால், ஒவ்வொரு அடியிலும் பல மாடி உயரத்துக் காலி இடம் காதில் திறக்கும்.

ஆனால் முதல் பக்கம் முதல் பாட்டு, அதாவது தலைப்புப் பாட்டு, தொடங்குவது ஒரு பியானோவும் ஆர்ட் கார்ஃபங்கலின் குரலும் மட்டுமாக. ரொம்ப சன்னமாக ஆரம்பிக்கும். நம் ஊர்த் தூசிக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. தட்டைத் துடைக்காமல் போட்டால் குரலுக்குப் பின்னால் கடலை வறுக்கும் சத்தம். போடும் முன்னால் ஒவ்வொரு முறையும் பிரஷ் போட்டுத் துடைக்கிற பழக்கம் வந்தவனுக்கு இது அமிர்தம். இவனுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

'21' நல்ல ஆல்பம். 2011-இல் வந்து பிரிட்டனில் 23 வாரம், அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. இரண்டு நாடும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒத்துக்கொண்ட தட்டு என்றால் இந்தக் கூட்டத்தில் இதுதான். அவன் நிபந்தனைக்கு அச்சு அசலாகப் பொருந்துவதும் இதுதான். ஆனால் நாற்பத்தெட்டு நிமிடம், ஒரு எல்பிக்குக் கொஞ்சம் இறுக்கம். தவிர, அதன் பாட்டெல்லாம் அவன் போனில் ஏற்கெனவே ஓடித் தேய்ந்துவிட்டது. அடெல் குரலைத் தட்டில் கேட்பதால் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான்.

'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இன்னும் சுலபமாக முடிவாகிவிட்டது. 1985. பிரிட்டனில் 14 வாரம், அமெரிக்காவில் 9 வாரம். டிஜிட்டலில் பதிவாகி, சிடி என்ற புதுச் சரக்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த ஆல்பம். பத்து லட்சம் சிடி விற்ற முதல் ஆல்பம் என்ற பெயரும் இதற்கு உண்டு. சிடியில் 55 நிமிடம். அன்றைய எல்பியில் இடம் போதாமல் பல பாட்டுகளைச் சுருக்கினார்கள். நம் வீட்டில் இருப்பது அந்தப் பழைய தட்டுதான். 'ஒய் வொரி' அதில் சீக்கிரமே முடிந்துவிடும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். இதைச் சிடியில் கேட்பதுதான் முறை.

அப்புறம் 'த்ரில்லர்'. இதற்கும் 'ரூமர்ஸ்'க்கும்தான் கடைசிப் போட்டி.

எண்ணிக்கையில் இதற்கு ஈடு கிடையாது. 1982 நவம்பர் கடைசியில் வந்து அமெரிக்காவில் 37 வாரம் முதலிடம். பிரிட்டனிலும் முதலிடம். ஒன்பது பாட்டில் ஏழு அமெரிக்காவின் முதல் பத்துக்குள். 1984-இல் மைக்கேல் ஜாக்சன் ஒரே இரவில் எட்டு கிராமி வாங்கினார். தலைப்புப் பாட்டை எழுதிய ராட் டெம்பர்ட்டன் இங்கிலாந்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது.

நான் இதை மதிப்பது வேறு ஒரு காரணத்துக்காக. வேலை முடிந்தது என்று நினைத்து வெட்டி வந்த மாதிரித் தட்டைப் போட்டுக் கேட்டபோது ஒலி சோனியாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டு அதிகம், கோடுகள் நெருக்கம். வெளியீட்டுத் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் மற்றவர்களும் விடாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டில் ஒரு சரணத்தையே தூக்கினார்கள். ஒவ்வொரு பாட்டாகக் கலவையைத் திரும்பச் செய்தார்கள். 'பில்லி ஜீன்' தொடக்கத்தில் டிரம்மும் பேஸும் மட்டும் நடந்துகொண்டே இருக்கும் பகுதியும் நீளம் என்று ஜோன்ஸ் நினைத்தார்; அதுதான் தன்னை ஆட வைக்கிறது என்று ஜாக்சன் விடவில்லை. நல்ல வேளை, விடவில்லை. தட்டில் அந்த பேஸ் வரும்போது பாருங்கள், மேசையில் இருக்கும் டம்ளர் தண்ணீர் நடுங்கும்.

பிறகு ஏன் இது இரண்டாவது? முதல் பக்கத்தில் மூன்றாவதாக வரும், பால் மெக்கார்ட்னியோடு சேர்ந்து பாடிய 'தி கேர்ள் இஸ் மைன்'. எனக்கு அது தாங்கவில்லை. போனில் தாண்டிவிடலாம், தட்டில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அது மட்டும் அல்ல. 'த்ரில்லர்' ஒன்பது தனித்தனிப் பாட்டுகளின் வரிசை. ஒவ்வொன்றும் ஜொலிக்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்ற இழுப்பு அதில் எனக்கு வருவதில்லை.

'ரூமர்ஸ்'இல் பாட்டுகள் ஒன்றோடொன்று சண்டையே போடுகின்றன. 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் பதிவு தொடங்கியபோது, குழுவின் கிறிஸ்டின் மெக்வீயும் ஜான் மெக்வீயும் கணவன் மனைவியாகப் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்சி பக்கிங்ஹாமும் காதல் முறிந்த நிலை. டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டின் திருமணமும் உடைந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் தினமும் ஒரே அறையில். 'ட்ரீம்ஸ்' நிக்ஸ் பக்கிங்ஹாமைப் பற்றி எழுதியது. அதே பக்கத்தில் 'கோ யுவர் ஓன் வே' பக்கிங்ஹாம் நிக்ஸுக்குச் சொன்ன பதில். அவர் தன்னைத் திட்டி எழுதிய பாட்டுக்கு நிக்ஸே பின்னணிக் குரல் கொடுத்தார். வேறொருவரோடு ஏற்பட்ட காதலைப் பற்றிக் கிறிஸ்டின் எழுதிய 'யூ மேக் லவ்விங் ஃபன்' பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜான். அதை வாசிக்கும் அந்த விரல்களில் கோபமே தெரியாது. எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்.

1977 பிப்ரவரியில் வெளிவந்து அமெரிக்காவில் 31 வாரம் முதலிடம். பிரிட்டனில் 1978 ஜனவரியில் ஒரே ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் பிரிட்டன் அதை விடவில்லை. பட்டியலில் மொத்தம் 1000 வாரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு இடத்திலும் முதலிடம் என்ற அவன் நிபந்தனைக்கும் சரி, நீடித்து நிற்பது முக்கியம் என்ற என் கணக்குக்கும் சரி, இது ஒன்றுதான் பதில்.

இரண்டு பக்கத்துக்குள் அடங்குவதிலும் அப்படியே. மொத்தம் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கும் ஒரு விலை கொடுத்தார்கள். நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளம் என்று தட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் எதிர்த்துப் பார்த்தும் நடக்கவில்லை. அது ஒரு சிங்கிளின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிறிய தட்டின், பின்பக்கத்துக்குப் போனது. அநியாயம்தான், ஆனால் தட்டு மூச்சு விடுகிறது. ஒலி எங்கேயும் ரொம்ப சன்னமாகவோ ரொம்பக் காட்டமாகவோ போவதில்லை. ஃபேன் சத்தத்தைத் தாண்டி நிற்கும். மலிவான ஊசியையும் மன்னிக்கும்.

முதல் பக்கத்தின் கடைசி, அந்த ஆபத்தான உள்விளிம்பில், 'சாங்பேர்ட்'. கிறிஸ்டினும் ஒரு பியானோவும், மறைவில் ஒரு கிட்டார். ஸ்டூடியோவில் எடுக்காமல் பெர்க்லியில் ஒரு காலி அரங்கத்தில் எடுத்தார்கள். பியானோ மேல் ரோஜாக்கள் வைத்து, மேலிருந்து விளக்கு போட்டு, எதிரே வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். காட்டமான ஓசை எதுவும் இல்லாத பாட்டு என்பதால் உள்விளிம்பு இதைக் கெடுப்பதில்லை. தட்டைத் திருப்பினால் 'தி செயின்'. ஐந்து பேர் பெயரும் சேர்ந்து வரும் ஒரே பாட்டு. அறுந்த பாட்டுகளின் துண்டுகளை நாடாவில் வெட்டி ஒட்டிச் செய்தது.

ஆக, வரிசை இப்படி: முதலில் 'ரூமர்ஸ்'. சத்தமில்லாத அறை கிடைத்ததும் 'டார்க் சைட்'. வீட்டில் நண்பர்கள் கூடி ஆடும் பழக்கம் இருந்திருந்தால் 'த்ரில்லர்'ஐ முதலில் வைத்திருப்பேன். இவன் தனியாக உட்கார்ந்து கேட்கிறவன். தூசி துடைக்கும் கை வந்ததும் 'பிரிட்ஜ்'. ஊசி மாற்றியதும் 2017 'பெப்பர்'. மற்ற இரண்டும் போனிலும் சிடியிலும் போதும். முன்பணம் கட்டுமுன் அட்டையில் ஒரே தட்டா இரண்டு தட்டா என்று பார்க்கச் சொன்னேன். 'ரூமர்ஸ்'க்கு இரண்டு தட்டாக வந்த 45 சுற்றுப் பதிப்பும் உண்டு. ஒலி அருமை, விலை அதிகம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். சாதாரண ஒற்றைத் தட்டே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டு வந்திருந்தது. முதல் பக்கம் போட்டான். அக்கா அடுக்களையில் இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'சாங்பேர்ட்' வந்தபோது அந்தச் சத்தம் நின்றது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்ற ஆரம்பித்ததும், "யாருடா இந்தப் பொண்ணு?" என்றாள். அவன் அட்டையைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினான். நான் எழுந்து தட்டைத் திருப்பி வைத்தேன்.